ஓலையில் இருந்து ஈய எழுத்துக்கு... கல்யாணப் பத்திரிகையின் கதை

சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கும் கோவலனுக்கும் கல்யாணம். பெண்ணுக்கு வயது 12, பிள்ளைக்கு 16. இரண்டுமே புகாரில் பெரிய வணிகக் குடும்பங்கள். ஊரையே கூப்பிட வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? நகை அணிந்த பெண்களை யானை மேல் ஏற்றி நகர் முழுக்க அனுப்பிச் சொல்ல வைத்தார்கள். அச்சு இல்லை, கவர் இல்லை, மஞ்சள் தடவிய மூலை இல்லை. யானைதான் பத்திரிகை!

12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்துக்கு வந்தால் எழுத்து வந்துவிடுகிறது. சுந்தரருக்குப் புத்தூரில் பெண் பார்த்து முடித்ததும் மண ஓலை எழுதுகிறார்கள். அந்த ஓலையைக் கையில் ஏந்திக்கொண்டு ஆணும் பெண்ணுமாகக் கூட்டமாக, கொண்டாட்டமாகப் போகிறார்கள். கல்யாண நாளில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு கிழவர் வந்து, "இவன் எனக்கு அடிமை" என்று இன்னோர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது வெறும் படிதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. கல்யாணம் நின்றது நின்றதுதான்.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்தக் கதையை ஒருமுறை படித்துப் பாருங்கள். இது இரண்டு ஓலைகளின் சண்டை. ஒன்று "இவர்கள் கணவன் மனைவி ஆகப் போகிறார்கள்" என்கிறது. மற்றொன்று "இவன் யாருக்குச் சொந்தம்" என்கிறது. எந்த எழுத்து செல்லும் என்று சபை தீர்மானிக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்பது வெறும் அழைப்பு அல்ல, அது ஒரு ஆவணமும் கூட. இந்தக் குணம் ஓலைக் காலத்திலேயே அதற்கு வந்துவிட்டது. பின்னால் வந்த சண்டைகள் எல்லாம் இதிலிருந்து கிளம்பியவைதான்.

ஓலை எழுதுவதும் லேசான வேலை இல்லை. பனை ஓலையை அளவாக நறுக்கி, பதப்படுத்தி, வழவழப்பாக்கி, எழுத்தாணியால் கீற வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். கீறிய எழுத்து அப்படியே கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரி, மஞ்சள், இலைச்சாறு என்று எதையாவது தேய்த்தால்தான் எழுந்து வரும். செட்டிநாட்டு நகரத்தார் கல்யாணங்களில் 'இசைகுடிமானம்' என்ற பெயரில் இரு வீட்டாருக்கும் இடையே ஓலையில் ஒப்பந்தம் எழுதும் வழக்கம் உண்டு. காகிதம் வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் ஓலையை அவர்கள் விடவில்லை.

மற்ற வீடுகளில் ஓலையின் இடத்தை லக்னப் பத்திரிகை பிடித்தது. நிச்சயதார்த்தத்தில் புரோகிதரோ ஊர்ப் பெரியவரோ காகிதத்தில் எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சபையில் உரக்கப் படிப்பார். இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகன், இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன திதி, இன்ன நட்சத்திரம் என்று மூச்சு விடாமல் போகும். பழைய அச்சுப் பத்திரிகை ஏன் ஒரே வாக்கியமாக, முற்றுப்புள்ளியே இல்லாமல், "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கிப் பத்து வரி தாண்டி ஓடுகிறது என்று யோசித்தவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. அது கண்ணால் படிக்க எழுதிய வாக்கியம் இல்லை. காதால் கேட்க எழுதியது.

அச்சு வந்தது

தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகம் 1578-ல் கொல்லத்தில் வந்தது. தரங்கம்பாடியில் 1713-ல் சீகன்பால்கு தமிழில் அச்சடிக்கத் தொடங்கினார். ஆனால் இவை எல்லாம் பாதிரிமார்களின் அச்சகங்கள். கல்யாணப் பத்திரிகைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. உள்ளூர்க்காரர்கள் அச்சகம் வைப்பதில் இருந்த கெடுபிடிகள் 1835-ல் மெட்காஃப் கொண்டுவந்த சட்டத்தால் தளர்ந்தன. அதன் பிறகுதான் தமிழர்களின் அச்சகங்கள் பெருகின. சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் பி.ஆர். ஹண்ட் அழகான, சின்ன அளவுத் தமிழ் எழுத்துகளை உருவாக்கியதும் அந்த நூற்றாண்டில்தான். 1862-ல் வெளிவந்த வின்சுலோ அகராதியை எடுத்துப் பார்த்தால் அந்த எழுத்தின் கச்சிதம் தெரியும். ஒரு சின்னக் காகிதத்துக்குள் ஒரு குடும்பத்தையே அடக்க வேண்டுமென்றால் சின்ன எழுத்து வேண்டாமா?

இன்னொரு காரணம் தபால். 1854-ல் தூரம் எவ்வளவு என்று பார்க்காமல் இந்தியா முழுக்க ஒரே கட்டணம் என்று வந்தது. அரை அணாவில் கடிதம் போனது. பத்திரிகையை நேரில் கொண்டுபோய் வைத்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு கொடுப்பதுதான் மரியாதை என்ற வழக்கம் அப்படியே இருந்தது. ஆனால் ரங்கூனிலும் பம்பாயிலும் இருக்கும் சொந்தக்காரனுக்கு யார் தட்டு தூக்கிக்கொண்டு போவது? தபால் அதைத் தீர்த்து வைத்தது. பிற்காலத்தில் கவரின் மேல் 'புக் போஸ்ட்' என்று அச்சடித்து, ஒட்டாமல் மூடியை உள்ளே செருகி, குறைந்த கட்டணத்தில் அனுப்பினார்கள். கல்யாணக் கவருக்குப் பசை இல்லாமல் போனதற்குக் காரணம் சாஸ்திரம் இல்லை, தபால் கட்டணம்!

கம்பாசிட்டரின் கை

இப்போது கையால் செய்த பத்திரிகை என்றால் பூ ஒட்டியது, நூல் கட்டியது, கைக்காகிதத்தில் அடித்தது என்று ஒரு படம் வருகிறது. ஆனால் சுமார் நூறு வருஷம் தமிழ்நாட்டில் அடித்த ஒவ்வொரு சாதாரணப் பத்திரிகையுமே கைவேலைதான். அதைச் செய்தவர் கம்பாசிட்டர். அச்சுக்கோப்பவர் என்று நல்ல தமிழில் சொல்லலாம்.

ஆங்கிலம் கோப்பவருக்கு 26 சின்ன எழுத்து, 26 பெரிய எழுத்து, கொஞ்சம் எண்கள், குறிகள். முடிந்தது. தமிழ் கம்பாசிட்டரின் நிலைமை வேறு. கு, கூ, டு, டூ, மு, மூ என்று உகர ஊகார வரிசை முழுக்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஈயத் துண்டு வேண்டும். 'கொ' என்பது மூன்று துண்டுகள்: கொம்பு, க, கால். இதற்கு மேல் கிரந்த எழுத்துகள். இதற்கு மேல் 'ஸ்ரீ' ஒரு தனி அச்சு. வருஷம், மாதம், தேதிக்கு ௵, ௴, ௳ என்ற பழைய சுருக்கக் குறிகள் வேறு. ஆங்கிலப் பெட்டியைப் போலப் பல மடங்கு பெரிய அறைகளின் கூட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, எது எங்கே என்று பார்க்காமலே விரல் போய் எடுக்கும் அளவுக்குப் பழக வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருக்கும். கையில் பிடித்த ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்கி, தலைகீழாகவே படித்துச் சரிபார்ப்பார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாத பல கம்பாசிட்டர்கள் வாத்தியார்களின் எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறார்கள் என்பது அச்சகங்களில் பெருமையாகச் சொல்லப்படும் விஷயம்.

கல்யாணப் பத்திரிகைக்கு என்று தனித் தலைவலிகள் உண்டு. சொந்தக்காரர் பெயர் நாற்பது என்றால் 'திரு' நாற்பது. சின்ன அச்சகத்தில் 'தி' தீர்ந்துபோகும்! வேறு அளவு எழுத்தைக் கலந்தால் அசிங்கமாகத் தெரியும். ஒருவர் பெயரை மட்டும் சின்ன எழுத்தில் போட்டால் அசிங்கத்தோடு நிற்காது, ஜென்மப் பகை ஆகிவிடும். அதனால் புரூஃப் பார்க்க வீட்டில் இருந்து இரண்டு மூன்று பேர் வருவார்கள். ஒருவர் எழுத்துப்பிழை பார்க்க. மற்றவர்கள் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வந்திருக்கிறது என்று பார்க்க.

பிறகு பிளாக். பிள்ளையார், பூர்ணகும்பம், வாழைமரம், நாதஸ்வரம், மாலை பிடித்த இரண்டு கைகள். மரக்கட்டை மேல் ஆணியடித்த துத்தநாகத் தகடுகள் இவை. ஒரே பிள்ளையார் அந்த ஊரில் முப்பது வருஷக் கல்யாணங்களுக்கு உழைத்துத் தும்பிக்கை தேய்ந்து போயிருப்பார். எல்லாம் கோத்துச் சட்டத்தில் முடுக்கியதும் டிரெடில் இயந்திரம். காலால் மிதிக்க மிதிக்க அது வாயைத் திறந்து மூடும். திறக்கும் நேரத்தில் ஒரு கை புதுத்தாளை வைக்க வேண்டும், மறு கை அடித்ததை எடுக்க வேண்டும். கவனம் பிசகினால் விரல் போய்விடும். இரண்டு நிறம் வேண்டும் என்றால் எல்லாத் தாளையும் இரண்டு முறை ஓட்ட வேண்டும். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து என்ற அடையாளம் மங்கலத்துக்கும் பொருந்தியது, ஒரே ஓட்டில் முடிந்ததால் செலவுக்கும் பொருந்தியது. வசதியானவர்களுக்குப் பொன்னெழுத்து. அது தங்க மையில் அடித்தது அல்ல. ஒட்டும் மையில் அடித்து, காய்வதற்குள் பஞ்சால் பொன்னிறப் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுவார்கள். அந்தப் பொடி தொழிலாளியின் மூக்கிலும் நுரையீரலிலும் போய்ச் சேரும். பத்திரிகையைத் தடவி ரசித்தவர்கள் யாரும் அதை நினைத்திருக்க மாட்டார்கள்.

கறுப்பு மை மட்டும் கூடவே கூடாது. அது கருமாதிக்கு.

அடித்து முடித்ததும் கோத்த எழுத்தை எல்லாம் பிரித்து அந்தந்த அறையில் திரும்பப் போட வேண்டும். நேற்று ஒரு மாப்பிள்ளையின் பெயராக இருந்த ஈயம் நாளைக்கு ஒரு கட்சிக்கூட்ட நோட்டீஸில் இருக்கும். இது வெறும் வேடிக்கை இல்லை. சீக்கிரமே கட்சிக்கூட்ட நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் ஒரே மாதிரி ஆகப் போகின்றன.

யார் பெயர்? எந்த மொழி?

1920-களின் பத்திரிகை எப்படி இருக்கும்? தலையில் 'உ'. கீழே 'சிவமயம்' அல்லது 'ஸ்ரீராமஜயம்'. பிறகு 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை'. மாப்பிள்ளை சிரஞ்சீவி, பெண் சௌபாக்கியவதி. பெயருக்குப் பின்னால் ஜாதி. அழைப்பவர் ஆண். பெண்ணின் தாயார் பெயர் பல பத்திரிகைகளில் இருக்காது. தகப்பன் இறந்திருந்தால் தாய் அழைக்க மாட்டாள், பெரியப்பாவோ தாய்மாமனோ அழைப்பார். பெற்று வளர்த்து, நகை சேர்த்து, கடன் வாங்கிக் கல்யாணம் செய்பவள் விதவை என்ற ஒரே காரணத்துக்காகத் தன் மகளின் பத்திரிகையில் இல்லாமல் போவாள். அழகான வார்டர் கட்டிய காகிதத்துக்குள் இருந்த கொடுமை இது.

1916-ல் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் முதலில் சொற்களைத் தொட்டது. விவாகம் திருமணம் ஆனது. பத்திரிகை அழைப்பிதழ் ஆனது. ஸ்ரீமான் திரு ஆனார், ஸ்ரீமதி திருமதி ஆனார். சிரஞ்சீவி, சௌபாக்கியவதி போய்த் திருவளர்ச்செல்வன், திருநிறைச்செல்வி வந்தார்கள். (வீட்டில் இன்னும் கல்யாணம் ஆக வேண்டியவர்கள் இருந்தால் திருவளர், கடைசிப் பிள்ளை என்றால் திருநிறை என்று ஒரு கணக்கும் சொல்வார்கள். அதை யார் இப்போது பார்க்கிறார்கள்!)

அடுத்தது பெரியார். 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல் நடந்த திருமணம்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்லப்படுகிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டத்தை விட வேண்டும், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இதன் விளைவை அச்சகத்தில் உடனே பார்க்க முடிந்தது. 'உ' போனது. லக்னம் போனது. பெயருக்குப் பின்னால் இருந்த வால் போனது. 'வாழ்க்கை ஒப்பந்த விழா' என்று புதுத் தலைப்பு வந்தது. புரோகிதர் இல்லாத இடத்தில் 'தலைமை', 'முன்னிலை', 'வாழ்த்துரை', 'நன்றியுரை' என்று பொதுக்கூட்ட நிரல் வந்து உட்கார்ந்தது. கல்யாணம் என்பது இரண்டு பேர் மேடையில் உறுதி சொல்வது என்ற எண்ணம் அந்தக் காகிதத்தின் அமைப்பிலேயே தெரிந்தது.

ஆனால் பத்திரிகையில் அடித்துவிட்டால் மட்டும் கல்யாணம் செல்லுமா? செல்லவில்லை! 1934-ல் பெரியார் தலைமையில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் சொத்து வழக்காகி நீதிமன்றத்துக்குப் போனது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, நீண்ட காலமாக நிலைத்த வழக்கமும் இல்லை, எனவே இது சட்டப்படி திருமணமே ஆகாது என்று 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. நினைத்துப் பாருங்கள். கால் நூற்றாண்டாக நடந்த எத்தனையோ கல்யாணங்கள், ஊரறியப் பத்திரிகை அடித்து, நூற்றுக்கணக்கானவர் முன்னால் நடந்தவை, சட்டத்தின் கண்ணில் இல்லை. பிள்ளைகளின் வாரிசு உரிமையே கேள்வி ஆனது. சுந்தரர் கதையில் மண ஓலை தோற்ற மாதிரியே இங்கேயும் தோற்றது.

அதைச் சரிசெய்தது 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணாதுரை அரசு. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அது 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ இருக்க, இருவரும் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த திருமணங்களுக்கும் இது பொருந்தும் என்றது சட்டம். பழைய பத்திரிகைகளை எல்லாம் உயிர்ப்பித்த வரி அது.

பிறகு நடந்தவை சின்னச் சின்ன மாற்றங்கள், ஆனால் கண்ணுக்குத் தெரிந்தவை. 1970-களின் தொடக்கத்தில் தமிழக அரசு திருவள்ளுவர் ஆண்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. கிறிஸ்து ஆண்டோடு 31 கூட்டிக்கொள்ள வேண்டும். பிரபவ, விபவ பிடிக்காதவர்கள் அதைப் பத்திரிகையில் போட்டார்கள். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. பெரியார் 1935-லேயே தன் 'குடிஅரசு' பத்திரிகையில் தொடங்கி வைத்தது அது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் சுழியும் தும்பிக்கையும் இழந்து இன்றைய வடிவத்துக்கு வந்தன. கம்பாசிட்டருக்கு அறைகள் குறைந்தன. ஆனால் ஈயம் விலை கொடுத்து வாங்கியதாயிற்றே, ஆணை வந்ததற்காக யார் உடனே தூக்கிப் போடுவார்கள்? தும்பிக்கை வைத்த 'லை'யோடு அதற்குப் பிறகும் பல வருஷம் பத்திரிகைகள் வந்தன. முஸ்லிம் வீட்டுப் பத்திரிகையில் தலையில் 786, கிறிஸ்தவ வீட்டில் வேத வசனம். அவர்களுடைய பத்திரிகைகளும் இதே கம்பாசிட்டர் கையில், இதே அறைகளில் இருந்து எடுத்த எழுத்தில்தான் அடிக்கப்பட்டன.

சிவகாசி

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டும். அப்படி வளர்ந்த அச்சுத்தொழில் காலண்டருக்கும் கல்யாண அட்டைக்கும் போனது. கம்பாசிட்டரின் வேலை இரண்டாகப் பிளந்தது இங்கேதான். பிள்ளையாரும் பூவும் பொன்னிறக் கோடும் ஏற்கனவே அச்சாகிய வெற்று அட்டைகள் கட்டுக்கட்டாக வெளியில் இருந்து வந்தன. ஊர் அச்சகத்தில் ஆல்பத்தைப் புரட்டி 'இந்த மாடல்' என்று கை காட்டினால் போதும். உள்ளே எழுத்தை மட்டும் உள்ளூரில் அடித்துக் கொடுப்பார்கள். பிறகு ஸ்கிரீன் பிரிண்டிங் வந்தது, 1990-களில் ஊர் ஊராக டி.டி.பி. வந்தது, ஈய எழுத்து எடைக்குப் போனது. டிரெடில் இயந்திரங்கள் பழைய இரும்பு ஆயின. கம்பாசிட்டர்களில் சிலர் கீபோர்டு பழகினார்கள், பலருக்கு அந்த வயது கடந்துவிட்டிருந்தது. ௵, ௴, ௳ மூன்றும் 2003-ல் யூனிகோடில் இடம் பிடித்தன. இடம் கிடைத்த நேரத்தில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

இன்றைக்குப் பெரும்பாலான அழைப்பு கைபேசியில் படமாக வந்து சேர்கிறது. பனை ஓலையில் அச்சடித்துத் தரும் கடைகளும் இருக்கின்றன, விலை கொடுக்க ஆள் இருந்தால்! ஆனாலும் அச்சடித்த பத்திரிகை சாகவில்லை. அதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. தமிழ்நாட்டில் 2009-ல் வந்த சட்டம் எல்லா மதத்தவரும் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்ததற்குச் சான்றாகக் கேட்கும் காகிதங்களில் திருமண அழைப்பிதழும் ஒன்று.

பத்திரிகை அடிக்க வீட்டார் சம்மதிக்காத ஜோடிக்கு இங்கேதான் சிக்கல். வக்கீல் அலுவலகத்தில், நான்கு நண்பர்கள் முன்னால், ரகசியமாக நடக்கும் 7-ஏ திருமணம் செல்லாது என்று 2014-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடும்பத்தின் எதிர்ப்புக்கும் ஆபத்துக்கும் பயந்து வருபவர்களிடம் ஊரறிய அறிவித்துவிட்டுச் செய் என்று கேட்க முடியாது, 7-ஏ பிரிவின் கீழ் பகிரங்க அறிவிப்பு கட்டாயம் இல்லை என்றது. ஆக, சட்டப்படி யானையும் வேண்டாம், ஓலையும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். பதிவு அலுவலகத்தின் பட்டியலில் மட்டும் அழைப்பிதழுக்கு ஒரு வரி இன்னமும் இருக்கிறது.